மாற்றுச் சாவி பவானியிடம் இருக்கிறது

1

கார் சாவி தொலைந்தால் என்ன செய்வது என்று இந்த நாட்டில் யாரைக் கேட்டாலும் மூன்று வரியில் சொல்லிவிடுவார்கள். பதறாதே. கடைசியாக எங்கே பார்த்தாய் என்று யோசி. கிடைக்காவிட்டால் மாற்றுச் சாவியை எடுத்துக்கொள். முதல் இரண்டும் எனக்குக் கைவந்தவை. கடலோரத்தில் பிறந்தவள் ஒரு சாவிக்கெல்லாம் பதற மாட்டாள். மூன்றாவதில்தான் இடித்தது. மாற்றுச் சாவி என் மகள் பவானியிடம் இருந்தது. பவானியும் நானும் பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என்னை யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் கஸ்தூரி. பழவேற்காட்டு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் பிறந்தவள். கட்டிக்கொண்டது திருப்பாலைவனத்து நெல்லுக்காரக் குடும்பத்துப் பிள்ளையை. அவர் விவசாயம் படித்துவிட்டு, கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி வளர்க்கும் வேலைக்கு நெதர்லாந்து வந்தார். பின்னாலேயே நானும் வந்தேன். இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. இங்கேயும் ஒரு பெரிய ஏரியின் கரையில்தான் வீடு. தண்ணீர் மேலே, நாங்கள் கீழே. நடுவில் ஒரு மண்கரை. முதல் மாதம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

என் வேலை, தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் சர்க்கரை ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, கால் வீங்காமலிருக்க இறுக்கமான காலுறை மாட்டிவிட்டு வருவது. காலையில் ஆறு வீடு. எல்லாம் கரையோரம் சிதறிக் கிடக்கும் ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஒன்பது மணிக்குத்தான் கிளம்பும். என் முதல் ஊசியோ ஏழு மணிக்கு. அலுவலகத்துக்குப் போன் செய்து வேறு ஆளை அனுப்பச் சொல்லலாம். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் நான் அப்படிச் சொன்னதில்லை. சாவி தொலைந்தது சனிக்கிழமை.

2

அன்று காலை சந்தைக்கு மடவை மீன் வந்திருந்தது. இங்கே அதை வாங்குகிறவர்கள் குறைவு. சேற்று வாசம் அடிக்கிறதாம். ஏரிச் சேற்றில் காலை விட்டு வளர்ந்தவளுக்கு அந்த வாசம்தான் ருசி. மீன்காரர் சுத்தம் செய்து தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். விட்டால் தலையையும் சினையையும் தூக்கி எறிந்துவிட்டு வெறும் சதையைக் கையில் கொடுப்பார்.

வீட்டுக்கு வந்ததும் பேன்ட்டுக்கு மேல் ஒரு பழைய லுங்கியைச் சுற்றிக்கொண்டேன். சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, ஊரிலிருந்து பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்த அருவாமனையோடு உட்கார்ந்தேன். கையிலிருந்த கார் சாவியை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டேன். என் அம்மா மீன் விற்கப் போகும்போது வெற்றிலை, சில்லறை, வீட்டுச் சாவி எல்லாமே இடுப்பில்தான். "இடுப்புல செருகினது எங்கயும் போவாது" என்பாள். அம்மா இறுக்கிக் கட்டியது பன்னிரண்டு முழப் புடவை, நான் சுற்றியிருந்தது வழவழவென்ற லுங்கி என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மீன் கழிவை என்ன செய்வது என்பதும் இங்கே ஒரு பாடம். ஊரில் குடலும் செவுளும் காக்கைக்கும் பூனைக்கும் போய்விடும். இரண்டு நிமிடத்தில் தடயம் இருக்காது. இங்கே பச்சைத் தொட்டியில் போட வேண்டும். அதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் வந்து எடுப்பார்கள். வந்த புதிதில் ஒரு கோடைக்காலத்தில் அப்படிப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து மிக மரியாதையான ஒரு கடிதம் வாங்கினேன். அத்தனை மரியாதையாக என்னை யாரும் திட்டியதில்லை. அன்றிலிருந்து கழிவைச் செய்தித்தாளோடு சுருட்டி, ஒரு பையில் கட்டி, ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். தொட்டி எடுக்கிற நாள் காலையில்தான் அது வெளியே போகும். அன்றும் அப்படியே வைத்தேன்.

குழம்புக்குக் கொத்தமல்லி இல்லை. கடைக்குக் கிளம்பலாம் என்று இடுப்பைத் தடவினேன். சாவி இல்லை.

3

சோபாவைத் திருப்பினேன். குப்பைக் கூடையைக் கொட்டினேன். வாசலிலிருந்து கார் வரை குனிந்துகொண்டே நடந்தேன். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு முதுகுவலியா என்று விசாரித்தாள்.

பிறகு அதிகாரபூர்வமான வழி. சாலையில் வண்டி நின்றால் உதவிக்கு வருகிறவர்களைக் கூப்பிட்டேன். வண்டி ஓடுகிறதா என்று கேட்டார்கள். ஓடும், சாவிதான் இல்லை என்றேன். வண்டி ஓடாவிட்டால்தான் வருவார்களாம். நகராட்சியின் இணையதளத்தில் தொலைந்த பொருளுக்கு ஒரு படிவம் இருந்தது. எங்கே தொலைந்தது என்ற இடத்தில் பூங்கா, தெரு, பேருந்து நிலையம், நீச்சல் குளம் என்று பட்டியல். சொந்த வீடு என்று ஒரு வரி இல்லை. தங்கள் வீட்டிலேயே தொலைப்பவர்களை இந்த அரசாங்கம் எதிர்பார்க்கவில்லை.

வண்டி வாங்கிய இடத்தில் ஒரு பையன் எடுத்தான். புதுச் சாவி செய்யலாம், அடையாள அட்டையோடும் வண்டியின் பதிவு அட்டையோடும் நேரில் வரவேண்டும், பத்து வேலை நாள் ஆகும், வண்டியையும் இழுத்துக்கொண்டு வரவேண்டும் என்றான். பிறகு என் விவரங்களைக் கேட்டான். பிறந்த ஊர்? சொன்னேன். எழுத்துக் கூட்டச் சொன்னான். இருபத்தாறு வருடமாக நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிற ஊர் அது. அன்று எனக்குப் பொறுமை இல்லை. "உங்கள் ஆட்கள் ஏறக்குறைய இருநூறு வருடம் இருந்த ஊர் தம்பி, கொஞ்சம் உங்களுக்கே தெரிந்திருக்கலாம்" என்று அவன் மொழியிலேயே சொன்னேன். அவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உண்மையில் எங்கள் ஊரில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள், அகழி வெட்டினார்கள், கதவுக்குப் பெரிய பூட்டும் போட்டிருப்பார்கள். இப்போது கோட்டை இருந்த இடத்தில் முள்ளுச்செடி. பெயரில் மட்டும் கோட்டையை வைத்துக்கொண்டு எங்கள் குப்பம் இருக்கிறது. அவர்களுடைய கல்லறையில் மண்டை ஓடு செதுக்கிய கற்களுக்கு நடுவே நாங்கள் ஓடிப்பிடித்து விளையாடுவோம். அந்தக் கல்லில் வெட்டியிருந்த மாதிரிப் பெயர்களை இப்போது காலைதோறும் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் படித்துவிட்டு உள்ளே போகிறேன். கோட்டையையே தொலைத்த ஆட்கள் முன்னால் ஒரு சாவிக்கு நான் வெட்கப்படுவதாக இல்லை.

ஆனால் பத்து வேலை நாள் என்பது நடக்காத காரியம்.

4

என் வீட்டுக்காரர் அப்போது திருப்பாலைவனத்தில், தம்பி மகள் கல்யாணத்தில் இருந்தார். போன் செய்தேன். பின்னால் மேளச்சத்தம்.

"சாவி பவானிகிட்ட ஒண்ணு கீது இல்ல, கேளு" என்றார்.

"நீங்க கேளுங்க."

"நான் வாராவாரம் பேசிகினுதான் கீறேன். வண்டி உன்னுது. நீ கேளு."

"வாராவாரமா?"

"பந்தி போட்டுட்டாங்க கஸ்தூரி" என்று வைத்துவிட்டார்.

பவானிக்கு இருபத்துநான்கு வயது. மருந்தாளுநர் படிப்பு. மூன்றாவது வருடத்தில் அதை விட்டுவிட்டு, ஆற்றில் மணலும் ஜல்லியும் ஏற்றிப்போகும் நீளமான சரக்குப் படகில் வேலைக்குச் சேர்ந்தாள். மாதத்தில் பாதி நாள் தண்ணீர் மேல். எங்கள் குப்பத்தில் பெண்கள் கரையில் மீன் வாங்குவார்கள், விற்பார்கள், ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். ஆனால் கடல் படகில் ஏற மாட்டார்கள். நான் கடல் தாண்டி வந்து பெற்ற பெண் போய் ஏறினாள். அன்று நான் சொன்னதை இங்கே மறைக்கப் போவதில்லை. "தண்ணிமேல போறவ தண்ணிமேலயே இரு, இந்த வூட்டுக்கு வராத" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். மாற்றுச் சாவி அவள் கோட்டுப் பையில் போயிற்று.

அந்தச் சாவியை அவள் தபாலில் அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. அது அவளிடம் இருக்கிறவரை ஒன்றும் முழுசாக அறுந்துபோகவில்லை என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டால், சாவியைத் தபாலில் போட்டுவிட்டு அத்தோடு முடித்துக்கொள்வாளோ என்று பயம். கேட்காவிட்டால் நாளை ஏழு மணிக்கு ஒரு கிழவர் ஊசிக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். சின்னவள் அவள்தான், அவள்தானே முதலில் பேச வேண்டும் என்று ஏழு மாதமாகப் பிடித்துக்கொண்டிருந்த பிடிவாதம் வேறு.

5

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாள் யாருக்கு எந்த இடம் என்று ஊர்கூடி முறை வைக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். உன் பாடு வந்தால் நீ போகலாம். போகாமல் விட்டால் விட்டதுதான். மறுநாள் வந்து கேட்க முடியாது.

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவரும் சித்தப்பாவும் ஒரே வலைக்குச் சேர்ந்தவர்கள். கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழுவது என்பதில் சண்டை வந்து இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. ஒரு பாடு அன்று நைனா, "அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சித்தப்பா வலையோடு கரையில் காத்திருந்தார். ஆள் போதாமல் படகு இறங்கவில்லை. அன்று பார்த்து இறால் அள்ளியது, பக்கத்து வலைக்காரர்களுக்கு. மறுநாள் நைனா போய் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டார். "உன் பாடு நேத்து" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த பாடு வந்தது. நைனா எழுந்து நேராகச் சித்தப்பா வாசலில் போய் நின்றார். "வா" என்றார். மன்னிப்பு, சமாதானம் ஒன்றும் கிடையாது. அவர் வந்தார். இரண்டு பேரும் வலையின் இரண்டு பக்கத்தைப் பிடித்தார்கள். கூரைச் சண்டை பிறகும் கொஞ்ச காலம் இருந்தது. ஆனால் பேசிக்கொண்டே சண்டை போட்டார்கள்.

பவானி சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். பாத்திரம் கழுவ, தொட்டியை வெளியே வைக்க எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் பாடு உண்டு. ஃப்ரிட்ஜ் கதவில் அவள் கையெழுத்தில் பட்டியல் தொங்கும்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, காலியான அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு யோசித்தேன். சாவியைத் தொலைத்தது நான். அப்படியானால் இது என் பாடு. இன்று விட்டால் நாளை கேட்க முடியாது. போனை எடுத்தேன்.

6

மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"இன்னாம்மா" என்றாள். ஐரோப்பாவில் பிறந்தவள்தான், ஆனால் அவள் கேட்டு வளர்ந்த ஒரே தமிழ் எங்கள் வீட்டுத் தமிழ். சென்னைச் சொந்தக்காரர்கள் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அன்று எனக்கு அந்த "இன்னாம்மா" போதுமாக இருந்தது.

"கார் சாவி தொலஞ்சிடுச்சி."

"கடைசியா எங்க வச்ச?" என்றாள்.

"இடுப்புலதான் செருகினேன்."

"மீன் வாங்கினியா?"

"வாங்கினேன்."

"இன்னா மீன்?"

"மடவ."

"இன்னிக்கு எனக்கு லீவுதான்" என்றாள். "வரேன். ரயில் மாறி வர மூணு மணி நேரம் ஆவும்."

வைத்த பிறகு அழுதேன். அதை மறைப்பானேன். ஒரு நிமிடம் நன்றாக அழுதுவிட்டு, அவளுக்குப் பிடிக்குமே என்று இறால் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். மீன் கழிவுப் பொட்டலம் மேலேயே இருந்தது. அதை நகர்த்தினேன். உள்ளே ஏதோ உலோகச் சத்தம் கேட்டது.

பிரித்தேன். பாதி உறைந்த குடலுக்கும் செவுளுக்கும் நடுவில், என் சாவி.

மணி மூன்றுகூட ஆகவில்லை. அவள் முதல் ரயிலில் ஏறியிருப்பாள். ஒரு போன் செய்தால் போதும்; அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிவிடலாம். இந்த நாட்டில் மற்றவர் நேரத்தை வீணாக்குவது பெரிய பாவம். இருபத்தாறு வருடத்தில் அதை நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறேன்.

பொட்டலத்தைப் பழையபடி சுருட்டினேன். ஃப்ரீசரின் அடித்தட்டில், பட்டாணிப் பைக்குக் கீழே தள்ளினேன். கையைக் கழுவிக்கொண்டு புளி ஊறவைத்தேன். எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை.

7

ஆறு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். வெளியே நல்ல வெயில். மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் முகம் வெயிலில் கறுத்திருந்தது. தோள் அகன்றிருந்தது. நன்றாகத்தான் இருந்தாள்.

"உக்காரு, சாப்டலாம்" என்றேன்.

சோற்றைப் பிசைந்தபோது அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். கயிறு இழுத்துக் காய்த்துப்போயிருந்தது. என் நைனாவின் கை அப்படியே.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றேன். "கோவத்துல வரல. பயத்துல வந்துச்சு. காத்தடிச்சா கரையில நின்னுகினு படகு வருதா வருதானு பாத்துகினே இருப்போம், எங்கம்மாவும் நானும். இன்னொரு தடவ அது என்னால முடியாதுனுதான்."

அவள் மீன்தலையை உடைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நான் போறது ஆறு. ரெண்டு பக்கமும் கரை தெரியும். பசுமாடு நின்னு பாக்கும்" என்றாள். பிறகு, "பயம்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் பேசியிருப்பேன்" என்றாள்.

"உனக்குப் புடிச்சிருக்கா?"

"ரொம்ப."

குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினேன். சினை முழுவதும் அவள் தட்டுக்கே போனது. படகின் நீளம், சமையல் யார் செய்வது, ராத்திரி எங்கே கட்டுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்தாள். சமையல் பெரும்பாலும் இவள்தானாம். அந்தப் படகில் நான்கு வெள்ளைக்காரர்கள் புளிக்குழம்பு சாப்பிடுகிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

கடைசியாகத் தண்ணீருக்கு ஐஸ் எடுக்க எழுந்தாள். நான் தடுப்பதற்குள் ஃப்ரீசரைத் திறந்துவிட்டாள். மேல்தட்டில் கைவிடாமல் நேராக அடித்தட்டை இழுத்தாள், பட்டாணியைத் தூக்கினாள், பொட்டலத்தை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினாள்.

"எப்ப கண்டுபுடிச்ச?" என்று கேட்டாள்.

"நீ போன் வச்ச கொஞ்ச நேரத்துல."

"மடவனு நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும்" என்றாள். "போன வருஷம் உன் மோதிரம் கெடச்சது எங்க? இதே ஃப்ரீசர்லதானே."

"அப்ப போன்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீயும் போன் பண்ணி வராதனு சொல்லியிருக்கலாம் இல்ல?"

பொட்டலத்தைப் பழைய இடத்திலேயே வைத்து, மேலே பட்டாணியையும் வைத்தாள். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. எனக்குப் பிறகு வந்தது.

கடைசி ரயில் வரை இருக்கச் சொன்னேன். அதிகாலையில் படகில் இருக்க வேண்டுமாம். எட்டு மணிக்குக் கிளம்பினாள். கரைமேல் இன்னும் வெளிச்சம் இருந்தது. மாற்றுச் சாவியை அவள் கையில் திரும்பக் கொடுத்தேன். "உன்கிட்டயே இருக்கட்டும். தொலைக்கிற ஆள்கிட்ட ரெண்டும் எதுக்கு" என்றேன். வாங்கிக்கொண்டாள்.

"நீ கூப்ட்ட. உன் பாடு முடிஞ்சுது" என்றாள். "அடுத்தது என்னுது."

8

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஊசி போட்டுவிட்டேன். குளிர்ந்து கிடந்த சாவி முதல் முறையிலேயே வேலை செய்தது. கொஞ்சம் மடவை வாசம், அவ்வளவுதான். முதல் வீட்டுப் பெரியவர் மோப்பம் பிடித்துவிட்டு, நீ நேற்று என்ன சமைத்தாய் என்று கேட்டார்.

ஆகவே, கார் சாவி தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால், பதறாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். கடைசியாக எங்கே வைத்தீர்கள் என்று யோசிப்பதும் நல்லதுதான். ஆனால் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவரை முதலில் கூப்பிடுங்கள். ஃப்ரீசரை அப்புறம் திறக்கலாம்.

வியாழக்கிழமை மாலை பவானி போன் செய்தாள். பின்னால் படகின் இன்ஜின் சத்தம்.

"அம்மா, என் மழைக்கோட்டக் காணோம். அங்க வுட்டுட்டேனா, கொஞ்சம் பாத்து சொல்லு."

மஞ்சள் கோட்டு என் கண்ணெதிரே வாசல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இங்க ஒண்ணும் காணோமே" என்றேன். "எதுக்கும் நீயே ஒரு தடவ வந்து தேடிப் பாரு."